மலைக் குழந்தையின் உணவுக்கு வயலும் பொறுப்பு

கோவை ஆர்.எஸ்.புரத்திலிருந்து தடாகம் சாலையைப் பிடித்து மேற்கே சென்றால் ஆனைகட்டி. அதைத் தாண்டினால் கேரளத்தின் அட்டப்பாடி. தெற்கே பொள்ளாச்சி, ஆழியாறு வழியாக மலையேறினால் வால்பாறை. கொங்கு நாட்டு விவசாயிகளுக்கு இந்த மலைகள் புதியவை அல்ல. கோவை நகரம் குடிக்கும் சிறுவாணி நீர் அங்கிருந்து வருகிறது. பவானி ஆறு நீலகிரியில் பிறந்து, அமைதிப் பள்ளத்தாக்கையும் அட்டப்பாடியையும் சுற்றிவிட்டுத்தான் மீண்டும் தமிழ்நாட்டிற்குள் வந்து ஈரோடு மாவட்ட வயல்களை நனைக்கிறது. பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பகுதிகளின் பி.ஏ.பி. பாசனம் ஆனைமலைக் காடுகளில் பெய்யும் மழையை நம்பியிருக்கிறது.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை அறிந்த அளவுக்கு, அந்தத் தண்ணீர் பிறக்கும் இடத்தில் வாழும் குழந்தைகள் என்ன சாப்பிடுகிறார்கள் என்பதை நாம் அறிந்திருக்கிறோமா? இந்தக் கேள்வியைச் சுகாதாரத் துறைக்கும் சமூக நலத் துறைக்கும் விட்டுவிட்டு விவசாய உலகம் ஒதுங்கி நின்றுவிட்டது. மலைக் குழந்தைகளின் ஊட்டச்சத்துத் திட்டங்கள் பல இருந்தும் பலன் குறைவாக இருப்பதற்கு இந்த ஒதுக்கம் ஒரு முக்கிய காரணம்.

மாறிப்போன உணவு

ஆனைமலைத் தொடரில் காடர், முதுவர், மலசர், மலைமலசர், புலையர், எரவாளர் ஆகிய மக்கள் வாழ்கிறார்கள். ஆனைகட்டிப் பக்கத்துப் பதிகளில் இருளர்கள் வாழ்கிறார்கள். அட்டப்பாடியில் இருளர், முடுகர், குறும்பர் ஆகிய மூன்று இனத்தாரும் உண்டு. எல்லோரையும் 'மலைவாழ் மக்கள்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். ஆனால் அவர்கள் உணவு தேடிய முறை ஒன்றல்ல. காடர்கள் மழைக்காட்டில் கிழங்கு அகழ்ந்தும், தேன் எடுத்தும், மீன் பிடித்தும் வாழ்ந்தவர்கள். முதுவர்கள் மலைச்சரிவில் ராகி விதைத்தவர்கள். இருளர்கள் ராகி, சாமை, துவரை, அவரை, கீரை எல்லாவற்றையும் ஒரே காட்டில் கலந்து விதைத்து, ஒன்றன்பின் ஒன்றாக அறுவடை செய்தவர்கள்.

அந்த உணவு முறை கடந்த நூறு ஆண்டுகளில் படிப்படியாகக் குலைந்தது. வால்பாறையில் மழைக்காடு தேயிலைத் தோட்டமானது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-ல் ஆனைமலை சரணாலயமாகவும் பின்னர் புலிகள் காப்பகமாகவும் ஆயிற்று. காட்டைக் காக்க இவை தேவைப்பட்டன என்பதில் ஐயமில்லை. ஆனால் காட்டிலிருந்து கிடைத்த கிழங்குக்கும் கீரைக்கும் இறைச்சிக்கும் பதிலாக என்ன கொடுப்பது என்பதை எவரும் திட்டமிடவில்லை. ரேஷன் அரிசி அந்த இடத்தை நிரப்பியது. அரிசி வயிற்றை நிரப்பும். ஆனால் வளரும் குழந்தையின் எலும்பும் இரத்தமும் அரிசியை மட்டும் கொண்டு உருவாவதில்லை.

நூறு கிராம் ராகியில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. அதே அளவு தீட்டிய அரிசியில் இருப்பது சுமார் 10 மில்லிகிராம். துவரையும் அவரையும் இலைக்கீரையும் கூடவே போய்விட்டால் புரதமும் இரும்புச் சத்தும் போய்விடுகின்றன. இதற்கு மேல் மலையில் பரவிவிட்ட இன்னொரு பழக்கம், சாப்பாட்டோடு கட்டன் தேநீர் குடிப்பதும் அதைக் குழந்தைக்கும் கொடுப்பதும் ஆகும். உணவில் உள்ள கொஞ்சம் இரும்புச் சத்தும் உடலில் சேராதபடி தேநீர் தடுத்துவிடுகிறது.

அட்டப்பாடி கற்பித்த பாடம்

2013-ம் ஆண்டில் அட்டப்பாடியில் பச்சிளம் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்த செய்தி நாடு முழுவதையும் உலுக்கியது. நாடறிந்த நிபுணர் குழுக்கள் வந்து பார்த்தன. தாய்மாரின் கடுமையான இரத்தசோகை, இரண்டரைக் கிலோவுக்கும் குறைந்த எடையில் பிறந்த குழந்தைகள், அரிவாளணு நோய், மருத்துவ வசதி எட்டாத தூரம் என்று காரணங்கள் வரிசையாக வெளிவந்தன. இவற்றுக்கெல்லாம் பின்னால் நிலம் இருந்தது.

1951-ல் அட்டப்பாடி மக்கள்தொகையில் பத்துக்கு ஒன்பது பேர் பழங்குடியினர். குடியேற்றத்தின் காரணமாக, ஐம்பது ஆண்டுகளில் அவர்களுடைய பங்கு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. கேரளச் சமவெளியிலிருந்து சென்றவர்களும் உண்டு. கொங்கு நாட்டிலிருந்து சென்றவர்களும் உண்டு. நல்ல நிலம் கைமாறியது. ராகியும் சாமையும் விளைந்த நிலம் குறைந்தது. தன் காட்டில் விதைத்து உண்ட குடும்பம், பிறர் காட்டில் கூலி வேலை செய்து கடையில் அரிசி வாங்கும் குடும்பமாயிற்று. மூன்று தலைமுறையில் நடந்த இந்த மாற்றத்தின் விலையைக் கடைசியில் கருவுற்ற பெண்ணும் அவள் வயிற்றுப் பிள்ளையும் கொடுத்தார்கள்.

2013-க்குப் பிறகு அங்கே ஊர்களில் பொதுச் சமையற்கூடங்கள் திறக்கப்பட்டன. பின்னர் குடும்பஸ்ரீ மகளிர் அவற்றை நடத்தினர். மருத்துவமனை வசதிகள் கூட்டப்பட்டன. பசி உடனடியாகத் தணிந்தது. ஆனால் சாவுகள் முற்றிலும் நின்றுவிடவில்லை. சமையற்கூடத்தால் மட்டும் தீராது என்பது தெரிந்த பிறகு, 2017-ல் வேளாண்மைத் துறையும் பழங்குடியினர் நலத் துறையும் சேர்ந்து சிறுதானியக் கிராமத் திட்டத்தைத் தொடங்கின. ராகி, சாமை, தினை ஆகியவை மீண்டும் விதைக்கப்பட்டன. வேளாண்மை கடைசியாக அழைக்கப்பட்டது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. முதலிலேயே அழைத்திருந்தால் நான்கு விதைப்புப் பருவங்கள் வீணாகியிருக்க மாட்டா.

திட்டங்களுக்குப் பஞ்சமில்லை

குழந்தை ஊட்டச்சத்தில் தமிழ்நாடு பிற மாநிலங்களுக்கு வழிகாட்டிய மாநிலம். 1975 அக்டோபர் 2-ல் நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. 1980-ல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி வட்டாரத்தில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் உலக வங்கி உதவியுடன் ஆரம்பமாயிற்று. 1982 ஜூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டம் வந்தது. 2022 செப்டம்பர் 15-ல் பள்ளிக் காலை உணவுத் திட்டம் மதுரையில் தொடங்கி, அடுத்த ஆண்டில் மாநிலம் முழுவதும் விரிந்தது. கருவுற்ற பெண்களுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நினைவு உதவித் திட்டம் உண்டு. 2013-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை உள்ள குழந்தைக்கு நாளொன்றுக்கு 500 கலோரியும் 12 முதல் 15 கிராம் புரதமும் தரும் உணவு வழங்க வேண்டும். கருவுற்ற தாய்க்கு 600 கலோரி. அரிவாளணு நோயை ஒழிக்க 2023 ஜூலையில் தேசியத் திட்டமே தொடங்கப்பட்டது.

இவற்றில் 1980-ம் ஆண்டுத் திட்டத்தின் ஒரு செய்தியை இன்றும் நினைவில் கொள்வது நல்லது. மூன்று வயதுக்குட்பட்ட ஒவ்வொரு குழந்தையையும் மாதந்தோறும் நிறுத்துப் பார்த்தார்கள். எடை ஏறாமல் நின்ற குழந்தைக்கு மட்டும் தானியம், பருப்பு, வெல்லம் சேர்த்த உருண்டையைச் சுமார் மூன்று மாதம் கொடுத்தார்கள். எடை ஏறியதும் நிறுத்திவிட்டார்கள். பல இடங்களில் அந்த உருண்டையை ஊர் மகளிர் குழுக்களே செய்து கொடுத்தன. குழந்தை நோஞ்சானான பிறகு ஓடுவதைவிட, எடை நிற்கும் மாதத்திலேயே கண்டுபிடிப்பது எளிது, செலவும் குறைவு என்பது அதன் பாடம்.

எங்கே அறுந்து போகிறது?

இத்தனை இருந்தும் மலைக்குடியில் குழந்தை ஏன் நோஞ்சானாக இருக்கிறது? ஒவ்வொரு துறையும் தன் எல்லையோடு நின்றுவிடுகிறது என்பதே பதில்.

அங்கன்வாடிப் பணியாளர் சத்துமாவு கொடுக்கிறார். கிராம சுகாதாரச் செவிலியர் ஊசி போடுகிறார். ரேஷன் கடையோ மலைவாழ் மக்கள் கூட்டுறவுச் சங்கமோ அரிசி வழங்குகிறது. காட்டுக்குள் போகலாமா கூடாதா என்பதை வனத்துறை சொல்கிறது. நில உரிமையை வருவாய்த் துறையும் ஆதிதிராவிடர் பழங்குடியினர் நலத் துறையும் பார்க்கின்றன. விதையும் பயிரும் வேளாண்மைத் துறையின் வேலை. ஒவ்வொருவரிடமும் தனிப் பதிவேடு. ஒரே குழந்தையின் பெயர் ஆறு இடத்தில் எழுதப்படுகிறது. அந்தக் குழந்தையின் எடை மூன்று மாதமாக ஏறவில்லை, தாய் இரத்தசோகையோடு இருக்கிறாள், அந்தக் குடும்பத்துக் காட்டில் பன்றி புகுந்து ராகி போய்விட்டது என்ற மூன்று செய்திகளையும் சேர்த்துப் பார்க்கும் ஆள் ஒருவரும் இல்லை.

மாநில எல்லை இந்தக் குறையை இரட்டிப்பாக்குகிறது. மிகவும் நலிவுற்ற பழங்குடியினர் என்ற மத்திய அரசின் பட்டியல் மாநில வாரியாக அமைந்தது. தமிழ்நாட்டில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு இனத்தார் அதில் உள்ளனர். காடர் இல்லை. கேரளத்திலோ காடர் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள், இருளர் இல்லை. ஆனைமலையின் ஒரு சரிவில் வாழும் காடர் குடும்பத்துக்குக் கிடைக்கும் தனிச் சலுகை, மலையின் மறுபுறம் வாழும் அவர்களுடைய உறவினருக்கு இல்லை. 2023 நவம்பரில் தொடங்கிய பி.எம்.ஜன்மன் திட்டம் இந்தப் பட்டியலை வைத்துத்தான் நடக்கிறது. பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் சொந்தங்களை வரைபடத்தின் கோடு பிரித்து வைக்கிறது.

பருவமும் கணக்கில் வருவதில்லை. வால்பாறைக்கு அருகிலுள்ள சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆறுகள் பெருகி, பேருந்துச் சாலையிலிருந்து காட்டு வழியே நடந்து போக வேண்டிய குடிகள் துண்டிக்கப்படுகின்றன. வீட்டில் தானியம் குறைவதும், காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் பெருகுவதும் அதே மாதங்களில்தான். ஆனால் அலுவலகத்தின் ஆண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. புதிய ஒதுக்கீடு வந்து சேர்வதற்குள் மழை பிடித்துவிடுகிறது.

ஊரில் இருந்த ஒழுங்கு

ஒருங்கிணைப்பு என்பதை ஏதோ புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய ஒன்றாக நினைப்பதுண்டு. இருளர் ஊர்களில் அது நெடுங்காலமாக இருந்து வந்திருக்கிறது. ஊருக்குத் தலைவராக மூப்பர் இருப்பார். அவருக்குத் துணையாகக் குறுதலை. பொதுச் சொத்தையும் கணக்கையும் பார்க்க வண்டாரி. நிலத்துக்கும் விதைப்புக்கும் மண்ணுக்காரர். எந்தக் காட்டில் எப்போது விதைப்பது என்பதை மண்ணுக்காரர் சொல்ல, ஊரே சேர்ந்து விதைக்கும். சேர்ந்து காவல் காக்கும். உணவும் நிலமும் பொதுச் சேமிப்பும் ஒரே திண்ணையில் பேசி முடிக்கப்பட்டன.

துறைகள் மலையேறும்போது இந்தத் திண்ணையைக் கண்டு கொள்வதில்லை. ஊட்டச்சத்துக் கூட்டத்திற்கு மூப்பர் அழைக்கப்படுவதில்லை. விதை வழங்கும் நாளில் மண்ணுக்காரரைக் கேட்பதில்லை. விதைப்புக் காலம் கடந்து வந்த விதையைக் குடும்பங்கள் உலையில் போட்டுச் சாப்பிட்டால், 'இவர்களுக்குக் கொடுத்துப் பயனில்லை' என்று குறிப்பெழுதப்படுகிறது. விதை காலம் தவறி வந்ததைப் பற்றி அந்தக் குறிப்பில் ஒரு வரியும் இருப்பதில்லை.

பிற இடங்களில் செய்து காட்டியவை

ஒடிசா மாநிலம் 2017-ல் பழங்குடியினர் வாழும் ஏழு மாவட்டங்களில், 30 வட்டாரங்களில் சிறுதானிய இயக்கத்தைத் தொடங்கியது. உழவர்களுக்கு விதையும் தொழில்நுட்பமும் கொடுத்ததோடு நிற்காமல், விளைந்த ராகியை அரசே ஆதரவு விலையில் வாங்கியது. அதை ரேஷனில் கொடுத்தது. 2020-ல் கேந்துஜார் மாவட்டத்து அங்கன்வாடிகளில் குழந்தைகளுக்கு ராகி லட்டு தரத் தொடங்கியது. லட்டு பிடித்தவர்கள் மகளிர் குழுவினர். விதைப்பவர், வாங்குபவர், சமைப்பவர், உண்ணும் குழந்தை ஆகிய நால்வரும் ஒரே சங்கிலியில் வந்தார்கள்.

அமேசான் மழைக்காடுகளைக் கொண்ட பிரேசில் நாட்டில் பள்ளி உணவுக்கான மத்திய நிதியில் குறைந்தது 30 சதவீதத்தைச் சிறு குடும்ப விவசாயிகளிடம் பொருள் வாங்கவே செலவிட வேண்டும் என்று 2009-ல் சட்டம் இயற்றினார்கள். அந்தக் கொள்முதலில் பூர்வ குடிகளுக்கு முன்னுரிமை உண்டு. அதே நாட்டில் மற்றொரு பாடமும் இருக்கிறது. யனோமாமி என்னும் மழைக்காட்டு மக்களின் பகுதியில் சட்டவிரோதத் தங்கச் சுரங்கக்காரர்கள் புகுந்து, ஆற்றைக் கெடுத்து, மலேரியாவைப் பரப்பினார்கள். குழந்தைகள் பட்டினியால் வாடி, 2023 ஜனவரியில் அந்நாட்டு அரசு சுகாதார அவசரநிலை அறிவிக்க நேர்ந்தது. நல்ல சட்டம் இருந்தாலும், காட்டில் வாழ்பவனின் நிலத்தைக் காக்கத் தவறினால் குழந்தையின் உணவைக் காக்க முடியாது.

கேட்கப்படும் மறுப்புகள்

'விலையில்லா அரிசி கிடைக்கிறதே, இன்னும் என்ன?' என்று கேட்பவர்கள் உண்டு. அரிசி இல்லாவிட்டால் பட்டினி என்பது உண்மை. அதை நிறுத்தச் சொல்வார் யாருமில்லை. அரிசியோடு ராகியும் பருப்பும் சேர வேண்டும் என்பதே தேவை. 2023-ல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களின் ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக மாதம் இரண்டு கிலோ ராகி வழங்கத் தொடங்கினார்கள். மலைக்குடிகள் உள்ள எல்லா இடங்களுக்கும் அது எட்ட வேண்டும்.

'அங்கன்வாடி திறந்தே இருக்கிறது, அவர்கள் குழந்தையை அனுப்புவதில்லை' என்பது அடுத்த மறுப்பு. தேன் எடுக்கவும், காட்டில் கடுக்காய், நெல்லிக்காய் சேகரிக்கவும், தோட்டக் கூலிக்கும் விடியற்காலையில் கிளம்பும் தாய், அதற்குப் பிறகு திறக்கும் மையத்தில் குழந்தையை எப்படி விடுவாள்? மையம் அவளுடைய நேரத்திற்குத் திறந்தால் குழந்தை வரும். அவளுடைய பேச்சைப் பேசும் அதே குடியைச் சேர்ந்த பெண் பணியாளராக இருந்தால் இன்னும் நம்பி விடுவாள்.

மூன்றாவது மறுப்பை எளிதில் தள்ள முடியாது. 'யானையும் பன்றியும் இருக்கும் இடத்தில் பயிர் எப்படி?' கதிர் பிடித்த ராகியை யானை தேடி வரும் என்பது விவசாயிகள் எல்லோரும் அறிந்ததே. எனவே சமவெளிக்குச் சொல்லும் யோசனையை மலையில் அப்படியே சொல்லக் கூடாது. 80 முதல் 90 நாளில் அறுவடைக்கு வரும் சாமை, தினை போன்றவற்றை, வீடுகளுக்கு நெருக்கமான நிலத்தில், ஊரே ஒரே வாரத்தில் விதைத்து ஒரே வாரத்தில் அறுத்தால் காவல் காக்கும் நாள் குறையும். வாழை, பலா, கரும்பு ஆகியவற்றை வீட்டை ஒட்டி வைப்பது யானையை விருந்துக்கு அழைப்பதாகும். கீரை, அவரை, முருங்கை, எலுமிச்சை, மிளகாய், இஞ்சி, மஞ்சள் ஆகியவற்றை வீட்டருகே வைக்கலாம். பயிர்ச் சேதத்திற்கான இழப்பீடு பட்டா இல்லாத குடும்பத்துக்குக் கிடைப்பது கடினம். அங்கே மறுபடியும் நில உரிமைக்குத்தான் வந்து நிற்கிறோம்.

2006-ம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே உழுது வந்த வன நிலத்திற்கு, குடும்பத்திற்கு நான்கு ஹெக்டேர் வரை உரிமை அளிக்கிறது. தமிழ்நாட்டில் நீதிமன்ற வழக்கால் பல ஆண்டு தாமதமாகி, 2016-க்குப் பிறகே அந்த வேலை நகர்ந்தது. நில உரிமை வழங்குவதும் ஒரு குழந்தை நலப் பணியே என்ற எண்ணம் அலுவலர்களுக்கு வர வேண்டும்.

செய்ய வேண்டியவை

1. ஒவ்வொரு குடிக்கும் ஒரே பதிவேடு. குழந்தையின் மாத எடை, மேல்கைச் சுற்றளவு, தடுப்பூசி, தாயின் இரத்த அளவு, ரேஷன், குடும்பத்தின் நிலமும் பயிரும் எல்லாம் ஒரே ஏட்டில் இருக்க வேண்டும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை உள்ள குழந்தையின் மேல்கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் அன்றே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

2. ஒரே ஆள் பொறுப்பு. எந்தத் துறையைச் சேர்ந்தவராயினும், அந்தக் குடிகளின் குழந்தைகளுக்கு இவர் பதில் சொல்ல வேண்டும் என்று வட்டார அளவில் ஒருவரை நியமிக்க வேண்டும். பலரும் பொறுப்பு என்றால் ஒருவரும் பொறுப்பாவதில்லை.

3. மாதம் ஒருநாள் எல்லாத் துறையினரும் ஒன்றாகக் குடிக்குச் செல்ல வேண்டும். நாளை மூப்பர் குறிக்கட்டும். அந்தக் குழுவில் உதவி வேளாண்மை அலுவலரும் வனக் காவலரும் கட்டாயம் இருக்க வேண்டும்.

4. மே மாதத்திலேயே மழைக்கால ஏற்பாடு. நான்கு மாதத்திற்கான சத்துமாவு, தானியம், உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஆகியவற்றை மழைக்கு முன் குடிகளுக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். மழைக் காலத்தில் பேறு காலம் வரும் பெண்கள் யார் யார் என்று முன்பே கணக்கெடுத்து, மருத்துவமனைக்கு அருகில் தங்க இடம் தர வேண்டும்.

5. விதை முந்தி வர வேண்டும். அந்தந்தக் குடியில் இன்னும் புழங்கும் ராகி, சாமை, அவரை விதைகளைச் சேர்த்து, ஊரிலேயே விதைச் சேமிப்பு அமைக்க வேண்டும். அதற்கு மண்ணுக்காரரே பொறுப்பாளராகலாம். விளைந்ததில் குடும்பத்துக்கு மிஞ்சியதை அங்கன்வாடியும் பள்ளியும் வாங்க வேண்டும்.

6. கோவை, பாலக்காடு மாவட்ட அலுவலர்கள் ஆண்டுக்கு இருமுறையாவது கூடி, எல்லையின் இருபுறமும் போய் வரும் குடும்பங்களின் குழந்தைகளைப் பற்றிய விவரத்தைப் பரிமாறிக் கொள்ள வேண்டும்.

இதற்கு வேண்டிய அறிவுக்குக் கோவையில் குறைவில்லை. ஆர்.எஸ்.புரம் வன வளாகத்தில் வன மரபியல் மற்றும் மரப் பெருக்கு நிறுவனம் இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே வேளாண்மைப் பல்கலைக்கழகம். சற்றுத் தூரத்தில், டாக்டர் ராஜம்மாள் தேவதாஸ் அவர்களால் ஊட்டச்சத்து ஆராய்ச்சியில் பெயர் பெற்ற அவினாசிலிங்கம் மனையியல் பல்கலைக்கழகம். அரசு மருத்துவக் கல்லூரியும் இதே நகரில். காடும் பயிரும் உணவும் மருத்துவமும் சில கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. இந்த நான்கும் சேர்ந்து ஒரு மலைக்குடியைத் தத்தெடுத்து மூன்று ஆண்டு வேலை செய்து காட்டினால், மற்றக் குடிகளுக்கு அதுவே வழிகாட்டியாகும்.

சிறு விவசாயிகள் செய்யக்கூடியவை

மலை அடிவாரத்துத் தோட்டங்களில் வேலைக்கு வருவோரில் பலர் மலைக்குடிப் பெண்கள். கைக்குழந்தையோடு வரும் தாய்க்கு நிழலில் ஒரு தொட்டிலும், பால் கொடுக்க நேரமும் கொடுப்பது தோட்டக்காரருக்குப் பெரிய இழப்பாகாது. முதல் ஆறு மாதத்துக்குத் தாய்ப்பால் தவிர வேறெதுவும் அந்தக் குழந்தைக்குத் தேவையில்லை. கருவுற்ற நாள் முதல் குழந்தைக்கு இரண்டு வயது நிறையும் வரை உள்ள ஆயிரம் நாட்கள்தான் மூளைக்கும் உடலுக்கும் அடித்தளம். அந்த நாட்களில் நேர்ந்த குறையைப் பிறகு சத்துணவால் முழுவதும் ஈடுகட்ட முடியாது.

மானாவாரி நிலம் உள்ளவர்கள் ஒரு பகுதியிலாவது ராகியோ சாமையோ விதைத்து, உழவர் உற்பத்தியாளர் குழு மூலமாக அங்கன்வாடிச் சத்துமாவு தயாரிக்கும் மகளிர் சங்கங்களுக்கு விற்க முயல வேண்டும். அரசும் அந்தக் கொள்முதலுக்கு வழி செய்ய வேண்டும்.

இது மலைக்குழந்தைகளின் பிரச்சினை மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. 2019-21 ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒன்று வயதுக்கேற்ற உயரமில்லாமல் இருந்தது. பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு இரத்தசோகை. கரும்பும் தென்னையும் விளையும் வீட்டிலும் இந்தக் குழந்தைகள் இருக்கிறார்கள்.

எல்லா வீட்டிலும் செய்யக்கூடிய ஒரு முறையை இங்கே குறிப்பிடலாம். ராகியைக் கழுவி ஓர் இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி ஒன்றிரண்டு நாள் முளைகட்ட வேண்டும். பிறகு காயவைத்து, முளையைத் தேய்த்து நீக்கி, இளஞ்சூட்டில் வறுத்து அரைக்க வேண்டும். இதில் இரண்டு பங்குக்கு வறுத்த பாசிப்பயறோ பொட்டுக்கடலையோ ஒரு பங்கு சேர்க்கலாம். ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்கு இந்த மாவைக் கூழாகக் காய்ச்சி, ஒரு கரண்டி எண்ணெயும் சிறிது வெல்லமும் கலந்து ஊட்டலாம். முளைகட்டுவதில் ஒரு நுட்பம் இருக்கிறது. சாதாரண மாவுக் கூழ் கெட்டியாகிவிடும் என்று தாய்மார் தண்ணீரை அதிகம் ஊற்றுவார்கள். குழந்தையின் சிறு வயிறு தண்ணீரால் நிறைந்துவிடும். முளைகட்டிய மாவு காய்ச்சும்போது இளகிக் கொடுப்பதால், அதே கிண்ணத்தில் அதிக மாவு சேரும், சத்தும் கூடும். கூடவே முருங்கைக்கீரை, நெல்லிக்காய், பப்பாளி ஆகியவற்றைப் பழக்கினால் இரும்புச் சத்து உடலில் நன்றாகச் சேரும். தேநீரைக் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. ஒரு வயது கடந்த குழந்தைக்கு ஆண்டுக்கு இருமுறை பூச்சி மருந்து தருவதும் அவசியம்.

ஒரு குழந்தை ஊட்டத்தோடு வளர விதை, நிலம், காடு, மருந்து, உணவு எல்லாம் ஒரே நேரத்தில் அதன் வீட்டு வாசலுக்கு வர வேண்டியிருக்கிறது. இவற்றைத் தனித்தனியாக அனுப்புவதால் பலனில்லை என்பதை அட்டப்பாடி காட்டிவிட்டது. வரும் மழைக்கு முன்பாக ஆனைமலையிலும் ஆனைகட்டியிலும் ஒவ்வொரு குடிக்கும் ஒரு பதிவேடும், ஒரு பொறுப்பாளரும், ஒரு மூட்டை நல்ல விதையும் போய்ச் சேருமானால் அதுவே தொடக்கம். மலைத் தண்ணீரால் வாழும் கொங்கு விவசாயிகள் இதைக் கிராம சபையிலும், விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்திலும் கோரிக்கையாக எழுப்ப வேண்டும்.